பின் சீட்டில் ஆள் ஏறக் கூடாது

கார் இன்சூரன்ஸ் பாலிசியை யாரும் படிப்பதில்லை. பிரீமியம் எவ்வளவு என்று பார்ப்போம், முடிகிற தேதியைப் பார்ப்போம், போலீஸ்காரர் மறித்தால் காட்டுவதற்கு மொபைலில் போட்டு வைப்போம். அதை வரி விடாமல் படித்த ஒரே மனிதராக எனக்குத் தெரிந்தவர் என் அப்பா. வங்கியில் செக் பாஸ் பண்ணியே தலை நரைத்தவர். கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தாலும் திருப்பி அனுப்பியவர். ரிட்டயர் ஆன பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்தார். கார் என்னுடையது, பாலிசியும் என் பெயரில். அதனால் பக்கத்தில் உட்காரும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

40 வயதைத் தாண்டியவர்கள் கொடுக்க வேண்டிய டாக்டர் சர்டிபிகேட்டைக் கொடுத்து எல்எல்ஆர் வாங்கியாயிற்று. ஆறு மாதம் செல்லும். நான் சாவியோடு நின்றேன். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாலிசியோடு உட்கார்ந்தார்.

எங்கள் தெரு திருச்சி கே.கே. நகரில். எதிர்வீட்டு மாமா காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "எல்எல்ஆர் வெச்சு ஓட்டினா இன்சூரன்ஸ் கிடைக்காதாமே சார்?" என்றார்.

அப்பா இதற்காகவே காத்திருந்தவர். "யார் சொன்னது? எல்எல்ஆரும் லைசென்ஸ்தான்னு 2004லேயே சுப்ரீம் கோர்ட் ஸ்வரண் சிங் வழக்கில சொல்லியாச்சு. பாலிசியிலயும் அனுமதி இருக்கு. ஆனா 1989 மோட்டார் வாகன விதிகள்ல மூணாவது விதிப்படி நடக்கணும்."

மூன்றாவது விதி முதலில் கேட்பது வெள்ளையில் சிவப்பாக 'எல்' எழுத்து, முன்னும் பின்னும். கடையில் வாங்கிய ஸ்டிக்கரை அப்பா ஸ்கேல் வைத்து அளந்தார். அட்டை 18 சென்டிமீட்டர் சதுரம்; எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம். இதற்குக் குறையக் கூடாது. குறைந்தது. ஸ்டிக்கர் திருப்பி அனுப்பப்பட்டது. அப்பாவே சிவப்பு பெயிண்டில் இரண்டு அட்டை எழுதினார்.

விதி அடுத்துக் கேட்பது என்னை. லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். டிரைவிங் ஸ்கூல் காரில் அந்த ஆளுக்குக் காலடியில் தனி பிரேக் உண்டு. என் காலடியில் இருந்தது மிதியடி. காரில் முதலில் தேய்ந்த பாகமும் அதுதான். சின்ன வயதில் எனக்கு வாய்ப்பாடு கேட்கும்போது "நிறுத்தி நிதானமா சொல்லு" என்பார் அப்பா. இப்போது நான் சொன்னேன்: "அப்பா, முதல்ல நிறுத்துங்க. நிதானத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

இதற்கிடையே தேர்ட் பார்ட்டி பக்கத்தையும் படித்து முடித்தார். அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு இல்லை. சொத்துக்குச் சேதம் என்றால் 7.5 லட்சம் வரை. எதிர்வீட்டு காம்பவுண்டைக் கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டு, "அவ்வளவு பெறாது" என்று நிம்மதியானார்.

"எவ்வளவாம்?" என்றாள் அம்மா.

"ஏழரை."

"அது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே புடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் எதிர்வீட்டுச் சுவர் தப்பித்தது. எங்கள் கேட் தப்பிக்கவில்லை. அப்பா ஒழுங்காகத்தான் உள்ளே திருப்பிக்கொண்டிருந்தார். வாசல்படியில் நின்ற அம்மா, "என்னங்க, பாத்து!" என்று கத்தினாள். அப்பா பார்த்தார், அம்மாவை. பம்பர் கேட்டைப் பார்த்துக்கொண்டது.

கிளெய்ம் போடலாமா என்று கேட்டேன். அப்பா காகிதத்தில் கணக்கு எழுதினார். புது பம்பர் 5,000 ரூபாய். பிளாஸ்டிக் என்பதால் தேய்மானமாகப் பாதி போகும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவரை நான் வாங்கவில்லை. மீதி 2,500. எங்கள் காரைப் போல 1,500 சிசிக்கு மேற்படாத வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 1,500. ஆனால் ஐந்து வருடம் கிளெய்ம் போடாமல் நான் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம், அடுத்த வருடம் பூஜ்யமாகிவிடும். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்றால் அதிலேயே 4,000 நஷ்டம்.

"1,500 வாங்குறதுக்கு 4,000 குடுக்கணும். இந்த செக்கை நான் பாஸ் பண்ண மாட்டேன்."

போனஸ் என்னுடையது, இடித்தது அவர். பெற்றோர் செய்த பாவம் பிள்ளைகள் தலையில் என்பதை இன்சூரன்ஸ்காரர்கள் சதவீதமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா பூஜைக் கூடையோடு வந்து பின் கதவைத் திறந்தாள். "சமயபுரம் போலாம். நீங்க ஓட்டுங்க, பழகின மாதிரியும் இருக்கும்."

அப்பா பாலிசியைப் பிரித்தார். எல்எல்ஆர்காரர் ஓட்டும்போது வண்டியில் பயணிகளை ஏற்றிப் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. "நானும் இன்ஸ்ட்ரக்டரும் மட்டும்தான் இருக்கலாம். நீ ஏறினா கவர் ஆகாது."

"நான் என்ன பேசஞ்சரா?"

"பாலிசியில பொண்டாட்டின்னு தனியா ஒரு காலம் இல்லையே."

இந்த நிபந்தனையை எழுதியவர் யாரோ, பெரிய குடும்பஸ்தராக இருந்திருக்க வேண்டும். கிளட்சும் கியரும் பழகுகிறவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பின் சீட்டுதான். அதைக் காலியாக வைக்கும் தைரியம் நம் வீடுகளில் யாருக்கும் கிடையாது. கம்பெனி அதை ஒரே வரியில் செய்துவிட்டது. அத்தனை மாதமும் அப்பா அந்த ஒரு வரியின் நிழலில் அமைதியாக ஓட்டினார். பஸ்ஸில் சமயபுரம் போய்வந்த அம்மா கொடுத்த விபூதியை ஸ்டியரிங்குக்கும் பூசினார்.

பிறகு லைசென்ஸ் வந்தது. வரியின் காவல் போனது. முன்னால் அம்மா, பின்னால் அத்தை, சித்தி, எதிர்வீட்டு மாமி, நடுவில் இடுங்கிக்கொண்டு நான். கியர் மாற்றச் சொல்லி ஒரு குரல், ஏசியைக் குறைக்கச் சொல்லி ஒரு குரல், லாரியைப் பார்த்து ஒரு "முருகா!" காவிரிப் பாலத்தின் நடுவே அத்தை, "தம்பி, கொஞ்சம் நிறுத்துடா, காசு போட்டுக்கறேன்" என்றாள். பின்னால் வந்த பஸ் அடித்த ஹாரனில் மாமியின் தூக்கம் கலைந்தது.

வீடு திரும்பியதும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, லாரிக்கு எல்எல்ஆர் எடுக்கணும்னா என்ன பண்ணணும்?"

"இந்த வயசுல லாரி எதுக்குப்பா?"

"அதுல பின் சீட்டே கிடையாதே."