பெத்தாங் புத்தர்

குண்டைக் கையில் எடுத்ததும் போட்டுவிட்டால் அவர் பெத்தாங் புத்தர் ஆகமாட்டார். முதலில் வட்டத்துக்குள் இரண்டு காலையும் சேர்த்து வைப்பார். அதுவரை சரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் லா சியோத்தாவில் பெத்தாங் என்ற இந்தக் குண்டெறி ஆட்டம் பிறந்ததே, ஓடிவந்து வீசாமல் நின்ற இடத்தில் நின்று வீசத்தான். அடுத்து கண்ணை மூடுவார். மூச்சு உள்ளே போவதைக் கவனிப்பார். வெளியே வருவதைக் கவனிப்பார். ஆனாபானசதியாம், பௌத்தர்களின் மூச்சுத் தியானம்.

வேறு ஊரில் செல்லலாம். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் செல்லுமா? தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்ற வந்த லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும். மூச்சு அறுந்துபோகும். "முதல்லேர்ந்து" என்பார். மறுபடி கால், மறுபடி கண். மூன்றாவது மூச்சில் அடுத்த லாரி. குண்டு பக்கத்தில் போய் நிற்கவேண்டிய குட்டி மரப்பந்து, எதிரே எட்டு மீட்டரில், பாவம், காத்துக்கிடக்கும். நாங்களும்.

ஒரு வீச்சுக்கு ஒரு நிமிடம்தான் என்பது சர்வதேச விதி. நினைவுபடுத்தினால், "நிமிஷம்ங்கிறது மனசு போட்ட வேலி தம்பி" என்பார். டியூஷன் முடிந்த மகளைக் கூட்டிப்போக வேண்டிய தம்பிக்கு அது வேலியாகத் தெரியவில்லை. வீட்டில் கிடைக்கப்போகும் அர்ச்சனையாகத்தான் தெரிகிறது.

நம் குண்டு விலகிப்போனால் ஆள் உடனே ஆஜர். தோளில் கை விழும். குண்டு விலகியது முதல் அம்பு. அதற்காக நொந்துகொள்வது நமக்கு நாமே குத்திக்கொள்ளும் இரண்டாவது அம்பு என்பார். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் இருப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை அவர் கால்மணி நேரம் விளக்குவது மூன்றாவது அம்பு. அதற்குப் புத்தர் மருந்து ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

டைகர் வூட்ஸ் கதையும் வரும். அவருடைய அம்மா தாய்லாந்துக்காரர், மகனைப் பௌத்தராக வளர்த்தார், அதனால்தான் கோல்ஃபில் அந்த நிதானம் என்பார். 2010-ல் டிவியில் மன்னிப்புக் கேட்டபோது, பௌத்த நெறியிலிருந்து விலகிவிட்டதாக வூட்ஸே ஒப்புக்கொண்டதைச் சொல்லிப் பாருங்கள். பேச்சைப் பழைய அரிக்கமேட்டுத் துறைமுகத்துக்குத் திருப்பிவிடுவார்.

ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. 13–0 என்று தோற்றாலும் அவர் முகம் வாடாது. அப்படித் தோற்றவனை பிரெஞ்சுக்காரர்கள் ஃபனி என்ற பெண்ணின் பின்புறப் படத்துக்கு முத்தம் கொடுக்க வைப்பார்கள். இவர் ஜெயித்தவர்களுக்கு டீ வாங்கித் தருவார். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் பெரியவர்களே ஒரு சென்டிமீட்டருக்காக டேப்பைப் பிடுங்கிக்கொண்டு மல்லுக்கு நிற்கும் மைதானத்தில், தரையையோ காற்றையோ திட்டாத ஒரே ஆள் அவர்தான்.

அதற்காக எங்கள் சாயங்காலம் முழுவதையும் அவருக்கு எழுதிக்கொடுக்க முடியுமா? நாலு பேர், ஆளுக்கு 3 குண்டு, மொத்தம் 12. மற்ற ஒன்பதும் உருண்டு முடிந்துவிடும். அவருடைய மூன்றுக்குத்தான் பொழுது சாயும். மைதானத்தில் விளக்கு கிடையாது. 13 வரை போகவேண்டிய ஆட்டம் எட்டிலோ ஒன்பதிலோ நின்றுவிடுகிறது.

விடியற்காலை நாலு மணிக்கு, லாரி கிளம்புமுன், வீட்டிலேயே மூச்சைக் கவனித்து முடித்துவிட்டு வரச்சொல்லி யாராவது அவரிடம் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் புன்னகை செய்கிறார்.