தாடி மனுவைத் தகராறாக வளர்ப்பது எப்படி?

வாழ்த்துகள், நீங்கள் அதிகாரியாகிவிட்டீர்கள். அவிநாசியில் அரசு அலுவலகமோ, பைபாஸ் ஓரத்துப் பனியன் கம்பெனியோ, இன்றோ நாளையோ ஒருவர் வந்து நிற்பார்: "ஏனுங்க சார், வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு அரை மணி நேரம் போயிட்டு வந்துரட்டுங்களா?" 'சரி, போயிட்டு வாங்க' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே செத்துவிடும். இத்தனை வருஷ சர்வீஸ் அதற்காகவா? பின்வரும் படிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை விசாரியுங்கள். மதுரையை முன்மாதிரியாகக் கொள்ளுங்கள். ஒரு முஸ்லிம் காவலர் 31 நாள் ஈட்டிய விடுப்பில் மெக்கா, மதீனா போய்த் திரும்பினார். 2018 டிசம்பர் 10 அன்று, காலில் தொற்று, விடுப்பை நீட்டித்துத் தாருங்கள் என்று உதவி ஆணையரிடம் போய் நின்றார். சாதாரண ஆள் காலைப் பார்த்திருப்பார். அங்கே முகத்தைப் பார்த்தார்கள்: ஏன் தாடி? விடுப்பும் இல்லை. கால் தொற்றில் தொடங்கியது தாடியில் வளர்ந்து குற்றச்சாட்டு ஆனது. கூடவே பணிக்குத் திரும்பாத குற்றமும் சேர்ந்தது. திரும்ப முடியவில்லை என்றுதானே மனுவே கொடுத்தார் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்பவர்கள் பதவி உயர்வு பெறுவதில்லை.

2. சொந்த அலமாரியைத் திறக்காதீர்கள். முஸ்லிம் காவலர்கள் பணியிலும் சீராக வெட்டிய தாடி வைத்துக்கொள்ளலாம் என்று 1957-ம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட்டிலேயே இருந்தது. அதாவது பிரச்சினை பிறப்பதற்கு அறுபது வருஷம் முன்பே தீர்ந்துவிட்டது. இதைவிட ஆபத்தான தாள் ஓர் அலுவலகத்தில் இருக்க முடியாது. அதன்மேல் டீ கிளாஸ் வையுங்கள்.

3. தாடியில் வகை பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கார்த்திகை பிறந்ததும் பாதி ஆபீஸ் மாலையும் கறுப்பு வேட்டியும் வளர்ந்த தாடியுமாக, செருப்பில்லாமல் நடமாடும். "சாமி, அந்தக் கோப்பை எடுங்க" என்று நாமே பணிவாகக் கேட்போம். அது பக்தி. இன்னொருவர் முகத்தில் அதே நீளத்துக்கு இருந்தால் ஒழுங்கீனம். அளவுகோல் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்தால் போதும்.

4. விசாரணை வையுங்கள், முடிவை மட்டும் ஏற்காதீர்கள். இதில் கேரளத்தார் நமக்கு அண்ணன்மார். கிடங்கூரில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். விஷயம் சட்டமன்றம் போனது. விசாரித்த குழு, இவர்கள் அவமரியாதை எதுவும் செய்யவில்லை, நல்ல பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்தது. உடனே என்ன செய்ய வேண்டும்? பள்ளியை விட்டு நீக்க வேண்டும். 1985 ஜூலை 26 அன்று, துணை ஆய்வாளர் சொன்னபடி, தலைமையாசிரியை நீக்கினார். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது வேறு கதை.

5. யாரையாவது மாற்றுங்கள். சத்தம் போடுகிறவர்களை மாற்றுவது கஷ்டம், அவர்கள் கூட்டமாக இருப்பார்கள். தனியாக இருப்பவரை மாற்றுங்கள். மதம்தான் என்றில்லை, சாதிக்கும் இதே மருந்து கேட்கும். நம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 2018 ஜூலையில் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் வந்தார். அவர் சமைக்கக் கூடாதென்று ஊரில் சிலர் மறித்தார்கள். மறித்தவர்கள் ஊரிலேயே இருக்க, சமைக்க வந்தவருக்கு மாற்றல் உத்தரவு. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே உத்தரவு ரத்து. சிலருக்கு இது குழப்பமாகத் தெரியலாம். இரண்டு உத்தரவு, இரண்டு கையெழுத்து, இரண்டு நகல்: உழைப்பு என்பது இதுதான்.

6. கம்பெனி எச்.ஆர். தம்பிகளுக்குத் தனிக் குறிப்பு. வெளிநாட்டு பையரின் ஆடிட் அன்று ஸ்டோர் ரூம் கதவில் 'பிரார்த்தனை அறை' என்று ஒரு தாள் ஒட்டுங்கள். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் வேஸ்ட் மூட்டைகளை உள்ளே அடுக்குங்கள். தாள் இருக்கட்டும், அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

7. தண்டனையைக் கனமாகப் போடுங்கள். மேல்முறையீட்டில் குறைத்துக் கருணை காட்ட இடம் வேண்டாமா? மதுரைக் காவலருக்கு 2021-ல் மூன்றாண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், பின்விளைவுடன். ஆணையரிடம் முறையிட்டதும் இரண்டாண்டாக, பின்விளைவின்றி. குற்றம் இருந்ததா என்ற சில்லறைக் கேள்வி இதற்கிடையில் தானாகக் கரைந்துவிடும்.

8. நீதிமன்றத்துக்குப் பயப்படாதீர்கள். 2024 ஜூலையில் மதுரைக் கிளையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி, அந்த 1957 கெஜட்டைச் சுட்டி, தண்டனை அதிர்ச்சி தரும் அளவுக்கு மிகை என்று ரத்து செய்தார். பிறகு கோப்பு எங்கே போனது? எட்டு வாரத்தில் தக்க உத்தரவு போடும்படி ஆணையர் அலுவலகத்துக்கே. உங்களுக்கும் அப்படி ஒரு உறை வரும். முதல் இரண்டு வாரம் பிரிக்காதீர்கள். மூன்றாவது வாரம் பிரித்து, ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதி உதவியாளரிடம் தள்ளுங்கள். அவர் பேச வரும்போது நீங்கள் முகாமில் இருக்க வேண்டும்.