மாறாமைக்கு வழங்கும் பெயர்கள்

நேற்று இருந்தபடியே இன்றும் இருத்தல், இன்று சொன்னதையே நாளையும் சொல்லுதல் ஆகிய பண்புக்குக் கலைச்சொல்லாக்கத்தில் சீர்மை, ஒத்திசைவு, முரணின்மை, நிலைத்தன்மை என்று பல சொற்கள் புழங்குகின்றன. மாறாமையைக் குறிக்கும் சொல்லையே இடத்துக்கு இடம் மாற்றுவது தகுமா என்று எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மக்கள் பேச்சிலோ இப்பண்பு யாரிடம் காணப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதற்குப் பெயர் அமைகிறது. தன்னிடம் இருந்தால் அது கொள்கை, சாமியாரிடம் இருந்தால் வைராக்கியம், அண்டை வீட்டாரிடம் இருந்தால் பிடிவாதம், மருமகளிடம் இருந்தால் திமிர். ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைத் தொகுத்துத் தந்த நிகண்டு ஆசிரியர்கள், உறவுமுறை பார்த்துப் பெயர் மாறும் இவ்வகையை ஏனோ கண்டுகொள்ளவில்லை.

திருத்தணி வட்டாரம் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற களம். தணிகைமலை இருந்த இடத்தை விட்டு அசையாமலே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது, 1911 ஏப்ரல் 1 அன்று உருவான சித்தூர் மாவட்டத்துக்குப் போனது, 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது, ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, எல்லைத் தகராற்றில் நடுவரான படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் அமர்ந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டத்தின் பங்காயிற்று. இத்தனைக்கும் நடுவே மாறாதிருந்தவை மலையும் ஏப்ரல் முதல் தேதியும்தாம். போராடியவர்களின் விடாப்பிடியை எல்லைக்கு இப்பால் உறுதி என்றும் அப்பால் பிடிவாதம் என்றும் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய புலமை தேவையில்லை.

எல்லைப்புறத்தில் மாறாமையால் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழ் வழக்கில் தலைப்பெழுத்து என்பது தந்தை பெயரின் முதலெழுத்து. ஆகவே அது தலைமுறைதோறும் மாறும். தெலுங்கு வழக்கில் முன்னே நிற்பது இண்டிபேரு எனப்படும் குடும்பப் பெயர். அது பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒன்றே. 1888இல் திருத்தணிப் பகுதியில் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் தந்தை பெயர் வீராசாமி. ‘எஸ்’ என்னும் எழுத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவரே இன்று ஏதேனும் ஒரு சான்றிதழுக்காகச் சன்னலோரம் வரிசையில் நின்றால், “அப்பா பேரு வீராசாமின்னு இருக்கு, இனிஷியல் எப்படி சார் எஸ் வரும்?” என்ற கேள்விக்கு விடை சொல்லித் தீரவேண்டியிருக்கும். மூன்று தலைமுறையாக மாறாத எழுத்தே இங்கு ‘ஒத்துப்போகவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுகிறது.

எத்தனை முறை செய்தாலும் ஒரே நிலையில் வரவேண்டும் என்னும் இப்பண்புக்குச் சமையலறையில் பெயர் பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவோர் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் கூட்டிப் பார்ப்பர். கரைந்து ஓடினால் பதம் வரவில்லை, மெத்தென்று உருண்டு வந்தால் வந்துவிட்டது, உருட்டியதைக் கிண்ணத்தில் போட்டு ‘டங்’ என்று கேட்டால் பதம் கடந்துவிட்டது. எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று கேட்கும் இளையவருக்கு “பதம் வர்ற வரைக்கும்” என்பதே மறுமொழி. இவ்வொரு மறுமொழியில் மட்டும் தமிழ்ப் பாட்டிமாரிடையே கருத்து வேறுபாடு கிடையாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியும் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கும் என்ற நம்பிக்கையில் பிறந்ததே. மேலே நறுக்கரிசியும் நடுவே குழைவும் அடியில் தீய்ந்ததுமாக இறக்கப்படும் பானைகளை அப்பழமொழி கருத்தில் கொள்ளவில்லை. அவற்றுக்குக் குறைந்தது மூன்று சோறு வேண்டும்.

எழுத்திலும் பேச்சிலும் நிலைமை இன்னும் இக்கட்டானது. பவணந்தி முனிவர் நன்னூலில் தொகுத்த பத்துக் குற்றங்களுள், முன் சொன்னதற்கு முரணாகப் பின் சொல்லும் மாறுகொளக் கூறலும் ஒன்று, சொன்னதையே திரும்பச் சொல்லும் கூறியது கூறலும் ஒன்று. மாறினாலும் குற்றம், மாறாவிட்டாலும் குற்றம் என்ற இந்த இடுக்கில் மேடைப் பேச்சாளர்கள் இரண்டையும் ஒரே உரையில் செய்து முடித்துத் தப்பிக்கிறார்கள். ‘நிலைப்பாட்டில் மாற்றமில்லை’ என்னும் அறிக்கை பெரும்பாலும் மாற்றம் நடந்த மறுநாளே வெளிவருவதும் கவனிக்கத்தக்கது. நன்றாகத் தொடங்கி நலிந்து முடியும் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்ற குற்றமோ, சனவரி முதல் தேதி உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டியவர்களுக்கென்றே எழுதி வைத்ததுபோல் இருக்கிறது.

சென்னை–அரக்கோணம் தடத்தில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையமான மணவூரில் இத்தனை சொற்களின் வேலையையும் ‘எப்பவும் போல’ என்ற ஒரே தொடர் பார்த்துக்கொள்கிறது. “வண்டி எப்படிண்ணா?” என்றால் “எப்பவும் போலத்தாம்பா” என்பார்கள். அது பாராட்டா முறையீடா என்பது ‘தாம்பா’வை எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முரணின்மைக்கு அப்பழுக்கற்ற சான்று வேண்டுவோர் மலைமேல்தான் ஏறவேண்டும். முருகன் சினம் தணிந்த தலம் என்பதால், கந்தசஷ்டியில் மற்ற முருகன் கோயில்களில் நடக்கும் சூரசம்ஹாரம் திருத்தணியில் நடப்பதில்லை. அதற்கு ஈடாக மலர் தூவி வழிபடுகிறார்கள். தணிந்த பின் மறுபடி சினப்பது மாறுகொளக் கூறல் ஆகிவிடும் என்று கோயில் மரபு தெளிவாகவே உணர்ந்திருக்கிறது. ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகளுக்கும் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கப்படி டிசம்பர் 31 அன்று படிபூசை செய்து, படிதோறும் திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். இதில் ஒரே ஒரு கணக்குதான் இடிக்கிறது: பிப்ரவரிக்கு 29 நாள் வரும் ஆண்டில், ஊர் தமிழகத்தோடு சேர்ந்த 1960 உட்பட, கடைசி நாளுக்குப் படி இல்லை. ஒத்திசைவின் பொருட்டு இன்னும் ஒரு படி கட்டலாமே என்ற யோசனையை, மேலே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குபவரிடம் சொல்லாதிருப்பது நல்லது.