கேள்வி-பதில்: குடலுக்கு ரத்தம் குறைந்தால்

மதுரை வாசகி: மலத்தில் ரத்தம் போனால் மூலம்தானே?

அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அறுபதைத் தாண்டியவர் என்றால் இன்றைக்கே.

திருவாரூர் வாசகர்: அம்மாவுக்கு 68 வயது. இடப்பக்க வயிற்றில் திடீர் வலி. மறுநாள் ரத்தமாகப் போனது. பெருங்குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்ததாம். சலைன் மட்டும் ஏற்றுகிறார்கள். இதயத்துக்குச் செய்வதுபோல ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. ஆனால் மாரடைப்பில் ரத்தக்குழாயை ஒரு கட்டி அடைத்து நிற்கிறது. இந்த நோயில் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. பேதியில் நீர் வற்றியோ, இதயம் தளர்ந்தோ பிரஷர் இறங்கும்போது, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையாதிருக்க உடம்பு குடலின் பங்கைக் குறைக்கிறது. பெருங்குடலுக்கு ரத்தம் தருபவை இரண்டு பெரிய தமனிகள். மண்ணீரலுக்குக் கீழே குடல் வளையும் இடம் இரண்டுக்குமே கடைமடை. வரத்து குறைந்தால் முதலில் காய்வது அதுதான். இடப்பக்கம் வலிப்பதும் அதனால்தான். ரத்தம் கண்ணில் படும் நேரத்தில் ஓட்டம் பெரும்பாலும் திரும்பியிருக்கும். திறந்திருக்கும் குழாயில் ஸ்டென்ட்டுக்கு வேலையில்லை.

அதனால்தான் டாக்டர்கள் குழாயை விட்டுவிட்டுக் குடல் சுவரைப் பார்க்கிறார்கள். வீங்கிய சுவர் பேரியம் எக்ஸ்ரேயில் கட்டைவிரல் பதிந்த தடம்போலத் தெரிவதை 1963-லேயே அமெரிக்காவில் ஸ்காட் போலி குழுவினர் எழுதினார்கள். இன்று மருந்து ஏற்றி சி.டி. எடுக்கிறார்கள், 48 மணி நேரத்துக்குள் கொலனோஸ்கோப்பி செய்து, நீலம் பாய்ந்து வீங்கிய சவ்வில் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். தொற்றும் இதே வேஷத்தில் வரும் என்பதால் மலப் பரிசோதனையும் உண்டு. சலைன், குடலுக்கு ஓய்வு, நோய் கடுமையானால் ஆன்டிபயாடிக்: பெரும்பாலோருக்கு இதுவே போதும், சில நாளில் தேறிவிடுவார்கள்.

தானாக ஆறுவதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்பார்கள். யாருக்கு ஆறும், யாருக்குக் குடல் அழுகும் என்று முதல் நாளில் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான். வயிறு பலகைபோல இறுகினால், காய்ச்சல் ஏறினால், பிரஷர் சரிந்தால், அழுகிய பகுதியை வெட்டி எடுக்க ஆபரேஷன் தேவைப்படலாம். உங்கள் கேள்வி முழுக்கப் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. வலப்பக்கக் குடல் மட்டும் பாதித்திருந்தால், சிறுகுடலுக்கும் ரத்தம் தரும் பெரிய தமனியே அடைபட்டிருக்கலாம். அப்போது சி.டி. ஆஞ்சியோவைத் தள்ளிப்போடக் கூடாது.

சேலம் வாசகர்: குடலைச் சுத்தம் செய்ய மாதாமாதம் பேதி மாத்திரை போடலாமா?

வேண்டவே வேண்டாம்.

கோவை வாசகி: ஆறிய பிறகு மறந்துவிடலாமா?

நோயை மறக்கலாம், காரணத்தை மறக்கக் கூடாது. மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின், ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் போன்றவை ரத்தக்குழாயைச் சுருக்கும். நாள்பட்ட மலச்சிக்கலும், தாறுமாறான இதயத் துடிப்பும் விசாரிக்க வேண்டியவை. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை, கடையில் கேட்டு வாங்கியவை உட்பட, ஒன்றுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.