ஹார்லிக்ஸ் பாட்டில் லட்சாதிபதி

ஒரு தலைவரின் நூற்றாண்டையோ, ஒரு கோயிலின் ஆயிரமாவது ஆண்டையோ, ஒரு நிறுவனத்தின் வெள்ளி விழாவையோ குறிக்கும்பொருட்டு அரசு வெளியிடும் காசு நினைவு நாணயம் எனப்படும். நேரு மறைந்த 1964ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்து வெளியான ஒரு ரூபாய், ஐம்பது காசு நாணயங்களோடு இந்தியாவில் இவ்வழக்கம் தொடங்கியது. அதன்பின் எத்தனையோ நினைவு நாணயங்கள் வந்துபோயின. ஆயினும் ஒரு தனி மனித இனத்தையே உண்டாக்கிய பெருமை, வைஷ்ணோதேவி திருக்கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012இல் வெளியான ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளையே சாரும். அம்மன் உருவம் உள்ள காசு பத்து லட்சம் பெறும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை வேதவாக்காகக் கொண்டு, கிடைத்ததையெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பாட்டிலைப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பவரே இவ்வினத்தின் மாதிரி.

இவர் ஏமாளி அல்லர். கொசுறுக் கறிவேப்பிலை வாங்காமல் காய்கறிக் கடையை விட்டு நகராதவர். ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கூடக் கேட்டால் பத்து நிமிடம் வழக்காடுபவர். இத்தகைய எச்சரிக்கைக்காரர் பத்து ரூபாய் பத்து லட்சமாகும் என்பதை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்வது எப்படி என்பது ஆய்வுக்குரியது. ரயில் நிலையச் சீட்டு வரிசையில் மீதிச் சில்லறையை வாங்கியதும் ஒவ்வொரு காசாகப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பவர் இவரே. பின்னால் நிற்பவர்களின் வசவு இவர் காதில் விழுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டைக் குறித்த 2010ஆம் ஆண்டு ஐந்து ரூபாயும், 1995இல் அதே தஞ்சையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியான திருவள்ளுவர் காசும் கைக்கு வந்தால், அவற்றை வெற்றிலை பாக்குக்குக் கொடுத்துவிடுவார். அவற்றைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

நாணயவியலார் ஒரு காசுக்கு மூன்று மதிப்புகள் உண்டென்பர்: மேலே எழுதியிருக்கும் முகமதிப்பு, உருக்கினால் கிடைக்கும் உலோக மதிப்பு, சேகரிப்பாளர் விரும்பித் தரும் சேகரிப்பு மதிப்பு. மூன்றாவது மதிப்பு, காசு எவ்வளவு அரிது, எவ்வளவு பழுதற்றது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பவற்றைப் பொறுத்தது. பொதுப் புழக்கத்துக்கென்றே பெருமளவில் அச்சடித்துவிடப்பட்ட வைஷ்ணோதேவிக் காசு முதல் தேர்விலேயே தோற்றுவிடுகிறது. கைபடாத புதுக்காசானால் வியாபாரி முகமதிப்புக்கு மேல் ஏதோ கொஞ்சம் தருவார், கை மாறித் தேய்ந்ததானால் அதுவும் இல்லை.

நம்மவரோ அரைகுறைக் கல்வியால் மேலும் உறுதிப்பட்டவர். ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள சிறு குறி அச்சடித்த காசாலையைக் காட்டும் என்பதையும், மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்பதையும் அவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். கொல்கத்தாக் காசுக்குக் குறியே கிடையாது என்ற நான்காவது செய்தி மட்டும் அவரை எட்டவில்லை. ஆகையால் குறியில்லாத காசு கிடைத்த அன்று, அரசாங்கமே தவறு செய்துவிட்டது என்று முடிவுகட்டி, அதன் விலையை இரண்டு லட்சம் உயர்த்தித் தனி டப்பாவில் வைத்தார்.

இவ்வளவோடு நின்றாலும் பாதகமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்துக் காசுகளையும் புளி போட்டுத் துலக்குவதே இவர் செய்யும் பெரும் கொடுமை. காலத்தால் உலோகத்தின்மேல் படியும் மங்கலான படலத்தையும், அச்சு இறங்கியபோது உண்டான இயல்பான மினுக்கத்தையும் பார்த்தே சேகரிப்பாளர் விலை சொல்வர். புளியும் விபூதியும் இரண்டையும் ஒருசேரத் தின்றுவிடுகின்றன. பளபளவென்று மின்னும் அக்காசுகளை விளக்கொளியில் வரிசையாக அடுக்கிவைத்து இவர் பூரிக்கும் வேளையில், எஞ்சியிருந்த சில ரூபாய்க் கூடுதல் மதிப்பும் புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இவர் கதையில் வேடிக்கையான பகுதி தெருமுனையில்தான் இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியும் தமிழ்நாட்டில் அதே கைபேசி வழியாகவே பரவியது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும் வாங்க மறுத்த கடைகள் பல. டீக்கடையில் பத்து ரூபாய்க்குக்கூட எடுபடாத காசு, வீட்டு அலமாரியில் பத்து லட்சமாக வீற்றிருந்தது. “அந்தப் பத்து லட்சத்துல ஒண்ணை எடுத்துட்டுப் போயி ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்” என்று மனைவி சொன்ன நாளில் அவர் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

வாங்குவதாகச் சொல்லித் தொலைபேசியில் வருபவர் யாரும் விலை பேசுவதில்லை. பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கியின் அனுமதிச் சான்று என்று முன்பணம் மட்டுமே கேட்பர். பழைய காசு, நோட்டு விற்பனையில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை, கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதும் இல்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை இவருக்கு யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

பாட்டிலில் இன்றைய நிலவரப்படி பத்து ரூபாய்க் காசுகள் நூற்றுப் பன்னிரண்டு. அவர் கணக்கில் பதினொரு கோடியே இருபது லட்சம், கடைக்காரர் கணக்கில் ஆயிரத்து நூற்றிருபது ரூபாய். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள காசுகள் ஒரு தொகைக்கு ஆயிரம் ரூபாய் வரையே செல்லும். ஆகவே நூறு காசுகளை இன்று மளிகைக் கடையில் கொடுத்துவிட்டு, மீதிப் பன்னிரண்டை நாளை கொடுக்கலாம்.