ஐயா போட்ட குடியேற்றம்

கரீபியன் என்றாலே கடற்கரை, தென்னை, வியர்வை என்று நினைத்துக்கொண்டு பனியனோடு கான்ஸ்டான்சாவில் போய் இறங்கினால் ஜன்னி கண்டுவிடும். டொமினிக்கன் குடியரசின் நடுமலையில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற பள்ளத்தாக்கு ஊர் அது. பூண்டு, உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி எல்லாம் விளையும்.

ஊரை இப்படி ‘வளர்த்த’ புண்ணியவான் ரஃபேல் ட்ருஹியோ. 1930 முதல் 1961 வரை நாட்டையே தன் தோப்பாக ஆண்டவர். 1936இல் தலைநகருக்குத் தன் பெயரைச் சூட்டினார்; நாட்டின் மிக உயர்ந்த சிகரமும் தப்பவில்லை. கான்ஸ்டான்சாவின் குளிருக்குச் சொக்கிப்போய் அங்கே ஒரு ஹோட்டல் கட்டி, ‘நுவேவா சுயிசா’, அதாவது புதிய சுவிட்சர்லாந்து என்று பெயர் வைத்தார். தன் பெயரை வைக்காமல் விட்டதே பெரிய மனசு.

ஐயாவுக்கு ஒரே கவலை: நாடு போதிய வெளுப்பாக இல்லை. தாய்வழிப் பாட்டியே ஹைட்டி வம்சம். அதை மறைக்க முகத்தில் பவுடர் அப்புவார். நாட்டுக்குப் பவுடர் பூச முடியுமா? 1937இல் ஆயிரக்கணக்கான ஹைட்டியரை வெட்டிக் கொல்ல வைத்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பிறகு ஏர் பிடிக்க வெளிநாட்டில் ஆள் தேடினார். 1950களில் கான்ஸ்டான்சாவுக்கு ஸ்பானியர் வந்தார்கள், சோவியத் டாங்கிகளுக்குத் தப்பிய ஹங்கேரியர் வந்தார்கள், ஜப்பானியரும் வந்தார்கள். வெளுப்புக் கணக்கில் ஜப்பானியர் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்க யாருக்குத் தைரியம்?

ஜப்பானியருக்குச் சொன்னது தலைக்கட்டுக்கு 18 ஹெக்டேர். நாட்டின் பல குடியேற்றங்களில் கிடைத்ததோ கல்லும் உப்புமான துண்டு நிலம். ஆள் சேர்த்து அனுப்பிய டோக்கியோ அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல். அரசாங்கக் கடிகாரத்தில் இது சீக்கிரம்தான்.

1959 ஜூன் 14 மாலை, அழைக்காத விருந்தாளிகளும் வந்தார்கள். கியூபாவிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட கிளர்ச்சியாளர்கள், ஐயாவின் விமானப்படை அடையாளத்தையே பூசிய விமானத்தில் கான்ஸ்டான்சாவில் இறங்கி மலையேறினார்கள். ஒரு சிலரே உயிர் பிழைத்தார்கள். அந்தத் தேதியையே பெயராக்கி எழுந்த இயக்கத்தில் மிராபல் சகோதரிகள் இருந்தார்கள். 1960இல் அவர்களில் மூவரை ஐயாவின் ஆட்கள் கொன்றார்கள். அடுத்த மே மாதம் ஐயாவையே சுட்டுவிட்டார்கள்.

குடியேறியவர்களில் பலர் மூட்டை கட்டினார்கள். ஜப்பானியக் குடியிருப்பு இன்னும் பெயரோடு நிற்கிறது. இன்று கான்ஸ்டான்சாவின் வயல்களில் குனிந்து பூண்டு பிடுங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஹைட்டியிலிருந்து வந்த கூலியாட்கள்.