பிரஷர் மாத்திரையைத் தோற்கடிக்க ஏழு வழிகள்

ஹைட்ரோகுளோரோதயாசைடு என்னும் பிரஷர் மருந்து 1959 முதல் கடைகளில் இருக்கிறது. சிறுநீரகம் உப்பை மறுபடி உறிஞ்சவிடாமல் தடுத்து, உப்போடு நீரையும் வெளியே அனுப்பும் வெள்ளைப் பொடி. ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 12.5 மில்லிகிராம். இத்தனூண்டு பொருளிடம் நாம் தோற்பதா? நீங்கள் ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியவர். மீதிக்கு நான் பொறுப்பு.

1. அட்டையை வெட்டி வாங்குங்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கட்டும். மாத்திரைகளை உரித்து, குளியலறை அலமாரியில் வையுங்கள். ஈரத்தில் இந்த மருந்து சிதையும்போது ஃபார்மால்டிஹைடு பிரியும். பிணவறைக்காரர்களுக்குப் பழக்கமான சரக்குதான்.

2. படுக்கப் போகும்போது போடுங்கள். 2 மணி நேரத்தில் வேலை தொடங்கும், 4 மணி நேரத்தில் உச்சம். தலைசுற்றலோடு நடுராத்திரியில் கழிப்பறைக்கு எழும்போது விளக்கைப் போடாதீர்கள். கரண்ட் பில் ஏறும்.

3. மாத்திரை உப்பை வெளியேற்றட்டும். நீங்கள் கருவாடு, அப்பளம், ஊறுகாய் என்று உள்ளே அனுப்பிக்கொண்டே இருங்கள். அதான் மாத்திரை போட்டாச்சே!

4. பொட்டாசியமும் சிறுநீரில் போகும். கெண்டைக்கால் சதை இழுத்தால், வயசாகிவிட்டது என்று தைலம் தேயுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிய சீட்டைக் காலண்டருக்குப் பின்னால் செருகுங்கள். தொண்டைக்கு இதமாகத் தினமும் அதிமதுரம் மெல்லுங்கள். அது மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் குறைக்கும், பிரஷரையும் ஏற்றும்.

5. இந்த மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கினால், டாக்டரைத் தொந்தரவு செய்யாதீர்கள். டைக்ளோஃபெனாக் நீங்களே வாங்கி விழுங்குங்கள். அது பிரஷர் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். உங்களுடையது டெல்மிசார்ட்டானும் கலந்த மாத்திரையா? பிரமாதம். மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தையே படுக்க வைக்கலாம்.

6. வாந்தியும் பேதியுமாக உடம்பு வற்றிக் கிடக்கும்போது, யாரையும் கேட்காமல் மாத்திரையை விடாமல் போடுங்கள். தேறி எழுந்து, பிரஷர் நார்மல் என்று மெஷின் சொன்னதும், யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுங்கள்.

7. இவ்வளவு கற்றவர் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? எதிர்வீட்டு அக்காவுக்குக் கால் வீக்கமாம், நாலு மாத்திரை கொடுங்கள். மனநலத்துக்காக அவர் லித்தியம் சாப்பிடுகிறவராக இருந்தால், இது லித்தியத்தை வெளியேறவிடாமல் ரத்தத்தில் சேர்த்து நஞ்சாக்கும். ஆனால் அதையெல்லாம் விசாரிப்பது நாகரிகமில்லை.